மானிய வாடகை வீடும் காத்திருப்போர் பட்டியலும்: ஓர் எளிய விளக்கம்

மானிய வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்தவர்கள் அலுவலகத்தில் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “பட்டியலில் என் பெயர் எத்தனையாவது?” நாற்பத்தேழு என்று பதில் கிடைத்தால், முன்னால் இருக்கும் நாற்பத்தாறு பேருக்கும் வீடு கிடைத்த பிறகு தமக்குக் கிடைத்துவிடும் என்ற கணக்கோடு திரும்பிப் போகிறார்கள். ஆறு மாதம் கழித்து வந்து கேட்கும்போது அதே பெயர் ஐம்பத்திரண்டாவது இடத்தில் இருக்கிறது. யாரோ வேண்டியவர்களை நடுவில் சேர்த்துவிட்டார்கள் என்ற சந்தேகம் அங்கேதான் பிறக்கிறது. அப்படி மனம் வெறுத்து, அதன் பிறகு அலுவலகத்தின் பக்கமே போகாமல் இருந்துவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பட்டியல் எப்படி இயங்குகிறது என்பது தெரிந்திருந்தால் அவர்கள் விலகியிருக்க மாட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மானியம் என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஒரு வீட்டின் உண்மையான வாடகைக்கும், ஒரு குடும்பம் தன் வருமானத்தில் தாங்கக்கூடிய வாடகைக்கும் இடையே விழும் துண்டை அரசோ நகராட்சியோ வேறொரு பொது அமைப்போ ஏற்றுக்கொள்வதே வாடகை மானியம். “தாங்கக்கூடியது” எவ்வளவு என்பதை யாராவது ஓர் எண்ணாகச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் பொது வீட்டுவசதிக்கான கூட்டாட்சிச் சட்டம் 1937இல் வந்தது. ஆனால் வாடகை வருமானத்தில் இத்தனை பங்குக்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு 1969இல்தான், செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாக, 25 விழுக்காடு என்று வகுக்கப்பட்டது. 1981இல் அது 30 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வாடகை இருக்க வேண்டும் என்று இன்று பல நாடுகளில் பேசப்படும் அளவுகோல் இதற்கு நெருக்கமானதே. குடும்பத்தின் பங்கு வருமானத்தோடு கட்டப்பட்டிருப்பதால், வேலை போனால் அந்தப் பங்கு குறையும், சம்பளம் கூடினால் ஏறும். இரண்டையும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டிய கடமையும் அதனால்தான் வருகிறது.

எல்லா மானிய வீடுகளும் இந்த வகையைச் சேர்ந்தவை அல்ல என்பதைப் புதிதாக விண்ணப்பிப்பவர்கள் கவனிப்பதில்லை. பொது அமைப்பே சொந்தமாகக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகள் ஒரு வகை. தனியாரோ தொண்டு நிறுவனமோ நடத்தும் கட்டடத்தோடு மானியம் ஒட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை; அந்தக் கட்டடத்தை விட்டு வெளியேறினால் மானியமும் நின்றுவிடும். மூன்றாவது, மானியம் குடும்பத்தின் கையில் ஒரு சீட்டாகத் தரப்படுவது. அமெரிக்காவில் முன்சொன்ன 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1974இல் சேர்க்கப்பட்ட எட்டாம் பிரிவிலிருந்து வளர்ந்த வவுச்சர் திட்டம் இத்தகையது. இதில் குடும்பமே வெளிச்சந்தையில் வீடு தேடிக்கொள்ள வேண்டும். நான்காவது வகைதான் அதிகக் குழப்பத்தைத் தருகிறது. அதில் வாடகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு, ஆனால் அந்த வரம்பு உங்கள் வருமானத்தைப் பார்த்து வகுக்கப்படுவதில்லை, அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தை, அதாவது பாதிக் குடும்பங்கள் அதற்கு மேலும் பாதி அதற்குக் கீழும் ஈட்டும் அளவைப் பார்த்து வகுக்கப்படுகிறது. 1986ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் பிறந்த வரிச்சலுகைத் திட்டத்தின் கீழ் அமெரிக்காவில் கட்டப்படும் வீடுகள் அப்படிப்பட்டவை. அங்கே குடியேறிய பிறகு வருமானம் பாதியாகக் குறைந்தாலும் வாடகை தானாகக் குறையாது. விண்ணப்பப் படிவத்தை வாங்கும் முன்பே “இங்கு வாடகை என் வருமானத்தோடு சேர்ந்து மாறுமா, மாறாதா?” என்று கேட்டுவிடுவது நல்லது.

இந்த வகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் இருப்பதே வழக்கம். ஓரிடத்தில் பெயர் பதிந்துவிட்டால் நகரத்தின் எல்லா மானிய வீடுகளுக்கும் பதிந்ததாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே படிவத்தில் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும் ஊர்களும் உண்டு என்றாலும், அதைக் கேட்டு உறுதிப்படுத்தாமல் நம்பக் கூடாது. சிறிய நகரத்தில் மானிய வீடு வைத்திருக்கும் அமைப்புகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் என்பதால், அவை ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்த் தனித்தனியாக விண்ணப்பிப்பது ஒரு வார வேலைதான்; பெருநகரத்தில் வாழ்பவருக்கு அந்த வசதி இல்லை.

இனிப் பட்டியலுக்கு வருவோம். அது கடையில் நிற்கும் வரிசையைப் போன்றது அல்ல. பல வரிசைகளை ஒரே ஏட்டில் எழுதி வைத்ததைப் போன்றது. ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது விளங்கும். ஒரு சிறு நகரத்தில் 140 மானிய வீடுகள் இருப்பதாகவும், ஆண்டுக்கு 14 வீடுகள் காலியாவதாகவும், பட்டியலில் 84 குடும்பங்கள் இருப்பதாகவும் கொள்வோம். வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த ஓர் எளிய விதி உண்டு. பட்டியலின் நீளம் பெரிதாக மாறாமல் இருக்கும்வரை, காத்திருப்பவர்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு இடம் பெறுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்புக் காலம் கிடைக்கும். 84ஐ 14ஆல் வகுத்தால் ஆறு ஆண்டுகள். ஆனால் அந்த ஆறு ஆண்டு உண்மையில் யாருக்கும் பொருந்தாது. காலியாகும் 14 வீடுகளில் 10 ஒற்றைப் படுக்கையறை வீடுகள், 3 இரண்டு படுக்கையறை வீடுகள், 1 மட்டும் மூன்று படுக்கையறை வீடு என்று வையுங்கள். முதல் வகைக்கு 30 குடும்பங்களும், இரண்டாவதற்கு 36 குடும்பங்களும், மூன்றாவதற்கு 18 குடும்பங்களும் காத்திருக்கின்றன. அப்போது காத்திருப்பு முறையே 3, 12, 18 ஆண்டுகள். ஒரே நாளில், ஒரே அலுவலகத்தில், அடுத்தடுத்து விண்ணப்பம் கொடுத்த இருவரில் தனியாக வாழும் முதியவர் மூன்றாம் ஆண்டில் சாவி வாங்குகிறார். நான்கு குழந்தைகள் உள்ள குடும்பம் பதினெட்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதாவது அந்தக் குழந்தைகள் வளர்ந்து வீட்டை விட்டே போய்விடும் காலம். இதில் யாரும் யாரையும் முந்தவில்லை, யாரும் கையூட்டுத் தரவும் இல்லை. கட்டப்பட்ட வீடுகளின் அளவும் தேவைப்படும் குடும்பங்களின் அளவும் பொருந்தவில்லை, அவ்வளவே. சிறு நகரத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பெரிய வீடுகளில் ஒன்றுகூட இந்த ஆண்டு காலியாகாவிட்டால் அந்த வரிசை ஓராண்டு முழுவதும் ஓர் அங்குலம்கூட நகராது.

ஆகவே அலுவலகத்தில் கேட்க வேண்டியது, “நான் எத்தனையாவது?” என்பதைவிட, “எனக்கு உரிய அறை அளவில் சென்ற ஆண்டு எத்தனை வீடுகள் காலியாயின, அந்த அளவுக்கு எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?” என்பதே. இந்த இரண்டு எண்களையும் சொல்ல முடியாத அலுவலர் குறைவு. எந்த அறை அளவில் உங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஓர் அறைக்கு இருவர் என்பது பரவலான அளவுகோல் என்றாலும், கைக்குழந்தையை எப்படிக் கணக்கிடுவது, வெவ்வேறு பாலினப் பிள்ளைகள் எந்த வயது வரை ஓர் அறையைப் பகிரலாம் என்பவற்றில் ஊருக்கு ஊர் விதி மாறுகிறது. விதி இடம் தருகிற பட்சத்தில், சற்று நெருக்கமாக வாழச் சம்மதித்துச் சிறிய வீட்டுப் பட்டியலுக்கு மாறுவது சில குடும்பங்களுக்குப் பல ஆண்டுகளை மிச்சப்படுத்தும்.

அடுத்தது முன்னுரிமை. விண்ணப்பித்த நாளை மட்டுமே பார்க்கும் முறைக்கு ஸ்டாக்ஹோம் நகரத்தின் வாடகை வீட்டு வரிசையை உதாரணமாகச் சொல்லலாம். அங்கே காத்திருந்த நாட்களே பெரும்பாலும் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன, காத்திருப்பும் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. நேர்மையான முறைதான், ஆனால் நேற்று வீட்டை இழந்தவருக்கு அதில் வழியில்லை. அதனால் பல நாடுகள் தேவையையும் எடைபோடுகின்றன. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், வீடற்றவர்கள், நெரிசலான அல்லது சுகாதாரக் கேடான வீட்டில் வாழ்பவர்கள், மருத்துவ அல்லது நலக் காரணங்களால் இடம் மாற வேண்டியவர்கள் ஆகியோருக்கு நியாயமான முன்னுரிமை தரச் சொல்கிறது. உள்ளாட்சி மன்றங்கள் அதை மதிப்பெண்களாகவோ படிநிலைகளாகவோ மாற்றிக்கொள்கின்றன. அமெரிக்காவில் நடுவண் அரசு வகுத்திருந்த முன்னுரிமைகள் 1998இல் நீக்கப்பட்டு, அந்தப் பொறுப்பு உள்ளூர் வீட்டுவசதி அமைப்புகளிடம் விடப்பட்டது. எனவே அடுத்தடுத்த இரு ஊர்களில்கூட முன்னுரிமை வரிசை ஒன்றுபோல் இருக்காது.

முன்னுரிமைகளில் அதிகம் கவனிக்க வேண்டியது குடியிருப்பு. வியன்னாவில் நகராட்சி வீட்டுக்குப் பதிய, இரண்டு ஆண்டுகளாவது நகரத்தில் ஒரே முகவரியில் பதிவாகியிருக்க வேண்டும் என்ற விதி இருந்து வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பல மன்றங்கள் உள்ளூர்த் தொடர்பைக் கேட்கின்றன. அமெரிக்காவின் வவுச்சர் திட்டத்திலோ உள்ளூர்வாசியாக இருப்பதைக் கட்டாயமாக்கக் கூடாது, முன்னுரிமை மட்டுமே தரலாம். அந்த ஊரில் வேலை பார்ப்பவர், வேலைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவர் ஆகியோரையும் அந்த முன்னுரிமையில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்துச் சிற்றூரின் பட்டியல் குறுகியதாக இருக்கும்போது அங்கேயும் விண்ணப்பிக்கத் தயங்க வேண்டியதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஐம்பத்திரண்டாவது இடத்துக்கு இறங்கிய அந்தப் பெயரின் மர்மம் இங்கே அவிழ்கிறது. ஆறு மாதத்துக்குள் முன்னுரிமை பெற்ற சிலர் புதிதாக விண்ணப்பித்திருக்கிறார்கள். அவர்கள் பெயர்கள் மேலே செருகப்பட்டிருக்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. உங்கள் நிலையும் மாறலாம்: நோய் வந்திருக்கலாம், வீட்டு உரிமையாளர் காலி செய்யச் சொல்லியிருக்கலாம், வீட்டுக்குள் வன்முறையிலிருந்து தப்பி வெளியேற நேர்ந்திருக்கலாம். விண்ணப்பித்த அன்று இல்லாத முன்னுரிமை இன்று இருக்கிறது என்பதை நீங்கள் எழுதிக் கொடுத்தால்தான் அலுவலகத்துக்குத் தெரியும். வருமானமும் வரிசையை மாற்றும். அமெரிக்க வவுச்சர் திட்டத்தில் ஆண்டுதோறும் புதிதாகச் சேர்க்கப்படும் குடும்பங்களில் 75 விழுக்காடு மிகமிகக் குறைந்த வருமானப் பிரிவிலிருந்து வர வேண்டும் என்பது விதி. அந்த இலக்கை எட்ட, சற்றே அதிக வருமானம் உள்ளவரைத் தாண்டி அடுத்தவரைக் கூப்பிடுவது முறைகேடு ஆகாது.

காத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் கண்முன்னே காட்டிவிடும் ஒரு முறை நெதர்லாந்தின் டெல்ஃப்ட் என்ற சிறு நகரத்தில் 1990 வாக்கில் தொடங்கியது. காலியான வீடுகளை அலுவலகம் விளம்பரப்படுத்தும். விருப்பமுள்ளவர்கள் தாமே முன்வந்து கேட்பார்கள். எளிய விதிகளின்படி தரவரிசையில் முதலில் வருபவருக்கு வீடு போகும். எந்த வீடு எவ்வளவு காலம் காத்திருந்தவருக்குக் கிடைத்தது என்பதும் பின்னர் வெளியிடப்படும். 2000 முதல் இங்கிலாந்தில் இந்த முறை பரவியது. ஒரு விண்ணப்பதாரர் தன் வாய்ப்பைத் தானே கணிக்க முடிகிற இந்த முறையே நான் கண்டவற்றில் மிக மதிப்பானது. ஆனால் இதில் வாரந்தோறும் விளம்பரத்தைப் பார்ப்பவருக்குத்தான் வீடு. பதிந்துவிட்டுச் சும்மா இருப்பவரை யாரும் தேடி வரமாட்டார்கள்.

பல பட்டியல்கள் பெரும்பாலான நாட்களில் மூடியே கிடக்கின்றன. காத்திருப்பவர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் தீராத அளவுக்குப் பெருகும்போது புதிய விண்ணப்பங்களை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு ஒரு வாரமோ சில நாட்களோ மட்டும் திறக்கிறார்கள். அப்படித் திறக்கும்போது வந்தவர்கள் அனைவரிடமும் விண்ணப்பம் வாங்கிக்கொண்டு குலுக்கல் முறையில் வரிசைப்படுத்துவதும் உண்டு. குலுக்கல் என்றால் முதல் நாள் காலையில் அடித்துப்பிடித்துக் கொடுத்த விண்ணப்பமும் கடைசி நாள் மாலையில் கொடுத்ததும் சமம். விண்ணப்பித்த நேரப்படி என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. எது என்பதை அறிவிப்பிலேயே எழுதியிருப்பார்கள்.

விண்ணப்பத்தை நிரப்பும்போது மிகுதியாகத் தவறு நேரும் இடம் வருமானம். வாரச் சம்பளம் வாங்குபவர்கள் அதை நான்கால் பெருக்கி மாத வருமானம் என்று எழுதிவிடுகிறார்கள். வாரம் 500 வாங்குபவர் 2,000 என்று எழுதுவார்; ஆனால் ஆண்டில் 52 வாரங்கள் இருப்பதால் அவருடைய ஆண்டு வருமானம் 26,000, மாதத்துக்கு ஏறத்தாழ 2,167. பின்னால் சம்பளச் சீட்டுகளைச் சரிபார்க்கும் அலுவலர் கண்ணில் இது மறைத்த வருமானமாகத் தோன்றும். பிடித்தம் போகக் கைக்கு வந்ததை எழுதுவதா, பிடித்தத்துக்கு முந்தைய முழுச் சம்பளத்தை எழுதுவதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாகக் கேட்கப்படுவது முழுச் சம்பளமே. வருமான வரம்பு குடும்ப உறுப்பினர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப உயர்வதால், உடன் வாழும் எல்லோரையும் எழுத வேண்டும். உடன் வாழாதவரை எழுதவே கூடாது. ஆளைக் கூட்டியோ வருமானத்தைக் குறைத்தோ எழுதியது பல ஆண்டுகள் காத்திருந்து முறை வந்த நாளில் வெளிப்பட்டால், அத்தனை ஆண்டுகளும் போய்விடும். விண்ணப்பம் கொடுத்ததற்கான ஒப்புகைச் சீட்டும், பதிவு எண்ணும், முழு நகலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

ஆனால் நான் கண்டவரை, வீடு கை நழுவுவது படிவத்தில் செய்த பிழையால் அல்ல, முகவரியால். இரண்டு பிள்ளைகளோடு தனியாக வாழ்ந்த ஒரு தாய் நான்கு ஆண்டுகள் காத்திருந்தார். இடையில் வாடகை கொடுக்க முடியாமல் அக்காள் வீட்டுக்குப் போனார். வங்கிக்கும் பள்ளிக்கும் புதிய முகவரியைச் சொன்னவர், நான்கு ஆண்டுக்கு முன் ஒரு தாளை நீட்டிவிட்டு வந்த அலுவலகத்தை மறந்துபோனார். “இன்னும் வீடு தேவையா? 14 நாட்களுக்குள் பதில் தருக” என்ற கடிதம் பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியது. அவரோடு நான் அலுவலகத்துக்குப் போனபோது, திறக்கப்படாத அந்த உறை அவருடைய கோப்பிலேயே குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் நீக்கப்பட்ட தேதி எழுதியிருந்தது. முறை வர அவருக்கு முன்னால் அப்போது மூன்று பெயர்களே இருந்தன. அவர் அன்றைய தேதியிட்டு மீண்டும் விண்ணப்பித்தார்.

இப்படிக் கடிதம் அனுப்பிப் பட்டியலைச் சீர்செய்வது எல்லா ஊர்களிலும் நடக்கிறது. பிரான்சில் சமூக வீட்டுக்கான விண்ணப்பத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஸ்டாக்ஹோமில் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டத் தவறினால் சேர்த்து வைத்த காத்திருப்பு நாட்கள் போய்விடும். முன்சொன்ன கணக்குக்கே திரும்பினால், இரண்டு அறை வீட்டுக்குக் காத்திருக்கும் 36 பேரில் 12 பேர் பதில் தரவில்லை என்றால், 12 ஆண்டுக் காத்திருப்பு 8 ஆண்டாகச் சுருங்குகிறது. பதில் தந்தவர்களுக்கு அது வரவு. தவறியவர்களுக்கு அதுவரை காத்திருந்தது முழுவதும் இழப்பு. ஆகவே முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறிய அன்றே எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவித்ததற்கு ஒப்புகை வாங்குங்கள், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உடல்நலக் குறைவாலோ இயலாமையாலோ பதில் தர முடியாமல் போயிருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். அமெரிக்க விதிகளில், இயலாமையே காரணம் எனில் பழைய இடத்திலேயே மீண்டும் சேர்க்க வேண்டும் என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது.

முறை வந்துவிட்டால் காலம் திடீரென்று வேகமெடுக்கும். ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவரிடம் சில நாட்களில் முடிவு கேட்பார்கள். பிறப்புச் சான்று, அடையாளச் சான்று, அண்மைய சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை அன்றே கேட்பார்கள். கடைசி இரண்டும் மாதாமாதம் புதியவையாக இருக்க வேண்டும் என்பதால் அவற்றைச் சேர்த்து வைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட வேண்டும். கொடுக்கும் வீட்டை மறுத்தால் என்ன ஆகும் என்பது மிக முக்கியம். தக்க காரணமின்றி ஒருமுறை மறுத்தாலே பட்டியலின் அடிக்குத் தள்ளும் அமைப்புகளும், இரண்டு மூன்று முறை பொறுத்துக்கொள்ளும் அமைப்புகளும் உண்டு. கையில் வவுச்சர் கிடைத்தவருக்கோ வேறு விதமான நெருக்கடி: வீடு தேடிக்கொள்ள அமெரிக்காவில் குறைந்தது 60 நாட்கள் தருகிறார்கள். வாடகைக்கு வரும் வீடுகளே குறைவாக இருக்கும் சிறு நகரத்தில் அந்த நாட்கள் எளிதில் கரைந்துவிடும். அவகாசம் முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அந்த முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. கோருவதற்கான கெடு நிராகரிப்புக் கடிதத்தில் அச்சிடப்பட்டிருக்கும். பழைய வாடகை பாக்கி, தவறாகப் பதிவான வருமானம், வேறொருவரின் பெயரோடு நேர்ந்த குழப்பம் போன்றவை மறுபரிசீலனையில் சரியாகியிருக்கின்றன. பட்டியலில் மேலே ஏற்றிவிடுவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரை மட்டும் ஒருபோதும் நம்பாதீர்கள். அதிகாரபூர்வக் கட்டணம் ஏதேனும் உண்டென்றால் அதை அலுவலகமே ரசீது கொடுத்து வாங்கும்.

கடைசியாக, வீடு கிடைத்துக் குடியேறிய பிறகு, பெயர் பதிந்து வைத்திருக்கும் மற்றப் பட்டியல்களை ஒருமுறை பாருங்கள். சில அமைப்புகளில் ஒரு மானிய வீட்டில் இருந்துகொண்டே இன்னொன்றுக்குக் காத்திருக்கலாம், சிலவற்றில் கூடாது. மாறும் எண்ணம் இல்லையென்றால் பெயரை நீக்கச் சொல்லி ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு மூன்றறை வீடு காலியாகும் நகரத்தில், உங்கள் பெயர் நீங்கினால் உங்களுக்குப் பின்னால் நிற்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓராண்டு குறைகிறது.